ஓடாதக்கா சட்டமன்றம் போன கதை

அந்தப் பள்ளியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவள் ஓடாதக்கா. மதிய மணி அடித்ததும் வெள்ளமாகப் பாய்ந்து வரும் கூட்டத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்கூடத்து வாசலில் நின்று "ஓடாதே! ஓடாதே!" என்று கத்துவதுதான் அவள் உத்தியோகம். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டு முறை கை தட்டுவாள். அவ்வளவுதான், எப்பேர்ப்பட்ட வாலும் சுருண்டுவிடும். சுவரோரமாக வரிசை, வாயில் விரல். ஒருமுறை தலைமையாசிரியரே பழக்கதோஷத்தில் வாயில் விரல் வைத்துவிட்டு, மீசையைத் தடவுவதுபோல் சமாளித்தார். அவருக்கு மீசை கிடையாது.

வீட்டில் மட்டும் அந்தக் கைதட்டல் செல்லுபடியாகவில்லை. கல்யாணமான புதிதில், விறுவிறுவென்று முன்னால் போய்க்கொண்டிருந்த கணவரைக் கடைத்தெருவில் கை தட்டி நிறுத்தப் பார்த்தாள். "நான் என்ன உன் ரெண்டாங் கிளாஸா?" என்று சிரித்துவிட்டு அவர் இன்னும் வேகமாக நடந்தார். தையற்காரர், மிஷின் முன்னால் உட்கார்ந்த நேரம் போக, மற்ற நேரமெல்லாம் காலில் சக்கரம்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதே பெரும் பயணமாகிவிட்டது.

மாற்று மூட்டு வைக்க மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். செலவு முழுக்க அவளுடைய பள்ளி ஊழியர் காப்பீட்டில். அந்த நேரம் பார்த்துத்தானா மாநில பட்ஜெட் வர வேண்டும்! இனிமேல் ஊழியருக்கு மட்டும்தான் காப்பீடு, குடும்பத்துக்குக் கிடையாது என்று அதில் ஒரு வெட்டு. நிறைவேறினால் ஆபரேஷனுக்கு முன்பே அமலுக்கு வந்துவிடும்.

"எனக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் வெச்சு நான் என்ன பண்றது? என் இடுப்பு கல்லு மாதிரி இருக்கே!" என்று புலம்பினாள்.

"அப்போ அதைக் கழட்டி எனக்கு மாட்டி விடு" என்றார் அவர். வலியிலும் வாய் குறையவில்லை. அவள் சமையலறைக்குப் போய், பாத்திரங்களை உருட்டி, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

பள்ளி ஊழியர் சங்கம் சும்மா இருக்கவில்லை. சங்கச் செயலாளர் ஆய்வக உதவியாளர். பேச்சையும் சொட்டு சொட்டாக அளந்து ஊற்றுகிறவர். சட்டமன்ற நிதிக்குழு உறுப்பினர்கள் மதிய உணவுக்கு வெளியே வரும்போது, நடைக்கூடத்தில் மடக்கிப் பேசுவதாக ஏற்பாடு. அங்கே சொல்ல வேண்டிய மூன்று அம்சங்களை எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்தார்.

"அக்கா, பதறாம பேசுங்க. பணிவா, சுருக்கமா. சரியா?"

"சரி தம்பி" என்றாள் ஓடாதக்கா. போகிற வழியிலேயே இரண்டாவது அம்சம் மறந்துவிட்டது.

கதவு திறந்தது. பசி எல்லாக் கட்சிக்கும் பொதுதானே! உறுப்பினர்கள் அத்தனை பேரும் உணவகத்தைப் பார்த்துப் பாய்ந்தார்கள். "ஐயா, மூன்று அம்சங்கள்..." என்று ஆரம்பித்த செயலாளரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். ஓடாதக்காவுக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

"ஓடாதே!"

தட், தட். கையும் தட்டிவிட்டாள்.

நடைக்கூடமே அப்படியே நின்றது. பிறகுதான் அதிசயம். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். எல்லோரும் என்றோ ஒரு பள்ளியில் அதட்டு வாங்கியவர்கள்தானே. காவலர்கூட வரிசையில் சேர்ந்துகொண்டார். நிதிக்குழுத் தலைவர், ஆள் மலை மாதிரி இருப்பவர், வாயில் விரல் வைத்திருந்தார்.

அவள் தட்டிய கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் கண் முன்னால் வரிசை நிற்கிறது. நாக்கு தினசரி வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

"தட்டு இல்லாதவங்க..." என்று தொடங்கி, விழுங்கி, "வீட்டு ஆளுங்களுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் இருக்கறவங்க கை தூக்குங்க" என்றாள்.

எல்லாக் கையும் மேலே போனது.

"அப்படியே இருங்க. எங்களுக்கு மட்டும் அது வேணாம்னு நினைக்கறவங்க கையைக் கீழ போடுங்க."

ஒரு கைகூட இறங்கவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் மின்னின.

"மிஸ், கை வலிக்குது" என்றார் தலைவர். கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"நான் மிஸ் இல்லீங்க ஐயா, சாப்பாட்டுக்கூடம்." அவள் குரல் உடைந்தது. "என் வீட்டுக்காரர் மறுபடி நடக்கணும். அதுக்குத்தான் வந்தேன். வேற எதுவும் எனக்குப் பேசத் தெரியல."

சிரிப்பு நின்றது. தலைவர் தூக்கிய கையை இறக்காமலே அவள் பக்கம் திரும்பினார். "கையைக் கீழ போடலாமா?" என்று உண்மையான மரியாதையோடு கேட்டார்.

"போடுங்க. வரிசையா போங்க."

வரிசையாகவே போனார்கள். செயலாளர் மட்டும் மூன்று அம்சங்களையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பத்திரிகையில் கை தூக்கிய படம். அதைப் பார்த்துத் தையற்காரர், இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். வாக்கெடுப்பு அன்று அவள் பார்வையாளர் மாடத்தில், கை தட்டிவிடுவோமோ என்ற பயத்தில், இரண்டு கையின் மேலும் உட்கார்ந்திருந்தாள். வெட்டு தோற்றது. வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் தன் கணவரின் இடுப்பைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

குறித்த நாளில் ஆபரேஷன் நடந்தது. பிறகு ஒரு காலையில் நர்ஸ் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு வாக்கர் கொண்டுவந்து, மெதுவாக ஒரே ஒரு அடி வைக்கச் சொன்னாள். அவர் வைத்தார். இன்னொன்று வைத்தார். அப்புறம் அந்த நீண்ட வராந்தாவைப் பார்த்தார். பழைய குறும்பு முகத்தில் வந்தது. டக், டக், டக்கென்று கிளம்பிவிட்டார்.

"ஓடாதே!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அவர் நின்று திரும்பினார். கண் பளபளத்தது.

"என்னையா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"ஓடாதீங்க" என்றாள்.

அவர் கேட்டால்தானே?