ஆடி போகட்டும் என்றார் ஓனர்

பதினொரு வருஷம் வாடகை கொடுத்த வீட்டையே விலைக்குக் கேட்டோம். ஆனி மாதக் கடைசி. ஓனர் தானாகவே வந்து வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். "வெளியாளுக்குக் குடுக்கறதுக்கு மின்னாடி உங்களக் கேக்கணும் இல்ல சார்?" என்றார். அதிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். அவர் சொன்னதில் கொஞ்சம் குறைத்து, எங்களால் எட்டக்கூடிய விலையைச் சொன்னோம். பேங்க் மேனேஜர் லோனுக்குத் தலையாட்டியிருந்தார். ஓனர் தாடையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"நாளான்னிக்கு ஆடி பொறக்குது. ஆடியில இன்னாத்த பேசறது? ஆடி போவட்டும் சார். ஆவணி ஒண்ணாந்தேதி நம்ம வூட்டாண்ட வந்துடுங்க. முடிவு சொல்லிடறேன்."

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆடியில் நாங்களும் நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டோம். ஆடித் தள்ளுபடியில் என் மனைவி புடவை வாங்குவாள், அது வேறு விஷயம். கல்யாணமானதிலிருந்து திருத்தணிக்குள்ளேயே ஆறு வீடு மாறியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அம்மியிலிருந்து தையல் மெஷின் வரை கட்டித் தூக்கி இறக்கியவள் அவள். "இன்னொரு தபா சாமான் கட்டச் சொன்னீங்க, நான் எங்க நைனா வூட்டுக்கே போய்டுவேன்" என்று சொல்லிவைத்திருந்தாள். அவள் அப்பா வீடு பொதட்டூர்பேட்டையில். மிரட்டலுக்காகச் சொன்னதல்ல, நிஜமாகவே களைத்துப் போயிருந்தாள். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வீடு கிடைக்காவிட்டால் இனி ஒரு பேங்க்கும் என் முகத்தைப் பார்க்காது.

ஆடி பிறந்தது. நான் காலை ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவன். கூட வரும் நண்பர் கண்டிப்பாகச் சொன்னார்: "போன் கீன் பண்ணித் தொலைக்காத. அவசரம்னு தெரிஞ்சா வெலய ஏத்திடுவான்." சரி என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் எங்கள் தெருவிலேயே தயிர் கிடைக்கும்போது ஓனர் இருக்கும் தெருவுக்குப் போய்த் தயிர் வாங்கினேன். ஒரு நாள் மார்க்கெட்டில் எதிரே வந்தார். "இன்னா சார், தக்காளி இன்னா வெல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு வீட்டில் மூன்று நாள் விசாரணை நடந்தது.

"சிரிச்சாரா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்தது."

"பல்லு தெரிஞ்சுதா, இல்ல சும்மா உதடு மட்டும் சிரிச்சுதா? அதக்கூட ஒழுங்கா பாக்கத் தெரியல உங்களுக்கு!"

சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் ஓனராக இருக்குமோ என்று ஓடினேன். எடுத்தால் எவளோ ஒருத்தி கிரெடிட் கார்டு வேண்டுமா என்பாள். அந்த மாதம் அவர்களிடம் நான் பேசிய பேச்சை எழுத முடியாது. நடுவில் தண்ணீர் மோட்டார் புகைந்துபோனது. வழக்கமாக ஓனரிடம் சொல்லுவோம், அவர் பத்து நாள் இழுத்தடிப்பார். இந்த முறை நானே ஆளைக் கூட்டிவந்து மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டி மாட்டினேன். "நம்ம வூடுதானே" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த நாட்களில் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். எந்த வீட்டைப் பார்த்தாலும் காவடி எடுத்து வந்த உறவுக்காரர்கள், ஈரத் துணி, மொட்டைத் தலைகள். அன்றைக்குக் காலையில் ஓனரே போன் செய்தார்.

"சார், ஒரு ஒத்தாச. நம்ம சொந்தக்காரங்க சித்தூர் பக்கத்துலேர்ந்து காவடி எடுத்துகினு வராங்க. எங்க வூட்ல எள்ளு போட எடமில்ல. உங்க வூட்ல குளிச்சிட்டு மலைக்குக் கெளம்பட்டும், ஆங்?"

காவடி எடுத்து வருகிறவர்களுக்கு இந்த ஊரில் யார் இல்லை என்பார்கள்? அதிலும் ஓனரின் சொந்தக்காரர்கள். நாங்கள் விழுந்து விழுந்து கவனித்தோம். வெந்நீர் போட்டோம். தரிசனம் முடிந்து வந்ததும் எலுமிச்சை சாதம், வடை, பாயசம். தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசும் வயதான தம்பதி, கூட மகன், மருமகள். நல்ல மனிதர்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். மாடிக்குப் போனார். அந்த அம்மா, "சமையல்கட்டு அக்கினி மூலையிலதானேம்மா இருக்குது?" என்று கேட்டாள். குளித்துவிட்டுப் போக வந்தவளுக்கு அக்கினி மூலை எதற்கு? அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. என் புத்தி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் போய் ஓனரிடம் என்ன சொல்வார்களோ, அதில் நம் பேர் நல்லபடியாக இருக்க வேண்டும். வீட்டைப் பற்றி ஒரு குறை சொன்னாலும், பார், விலையைக் குறைக்க வழி பண்ணுகிறான் என்று ஓனர் நினைத்துவிடுவார். அதனால் அளந்துவிட்டேன். சித்திரை வெயிலிலும் போர்க் கிணறு வற்றாது என்றேன். மொட்டைமாடியில் நின்றால் மலைக்கோயில் கண்ணெதிரே என்றேன். ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், அக்கம்பக்கம் தங்கமான மனிதர்கள் என்றேன்.

"மழைக்குச் சுவத்துல ஓதம் கீதம் ஏறுமா சார்?" என்று கேட்டார் பெரியவர்.

என் மனைவி வாயைத் திறந்தாள். "பின் ரூம்ல மட்டும் கொஞ்சம்…"

நான் முறைத்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒரு பொட்டு கெடையாதுங்க. முருகன் மேல சத்தியம்" என்றேன். அந்த ரூமில் ஐப்பசி பிறந்தால் பாயை நடு ரூமுக்குக் கொண்டுவந்து போட்டுப் படுக்கிறவர்கள் நாங்கள்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் குளித்துக் கிளம்பினோம். மனைவி புதுப் புடவை கட்டினாள், தள்ளுபடியில் எடுத்ததுதான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மேலே அட்வான்ஸ் வைத்த கவர். ஓனர் வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்புகள் கிடந்தன. உள்ளே சோபாவில் அந்தப் பெரியவரும் அம்மாவும். எங்களைப் பார்த்ததும் பெரியவர் எழுந்தேவிட்டார்.

"வாங்க சார், வாங்க! இப்பத்தான் அட்வான்ஸ் குடுத்தோம். எல்லாம் நீங்க சொன்னதுதான். குடியிருக்கறவங்களே சத்தியம் பண்ணி நல்ல வூடுன்னு சொன்னப்புறம் பேரம் பேசலாமா? கேட்ட வெலய அப்படியே குடுத்துட்டோம்."

நாங்கள் வாழ்த்துச் சொல்ல வந்திருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் கேட்டிருந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஓனர் என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி, "உங்களுக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன் சார்" என்றார். பாவி! ஒரு மாதம் எங்களை உட்காரவைத்து, எங்கள் பாயசத்தையே போட்டு எங்கள் வீட்டை விற்றிருக்கிறான். ஓங்கி அறையலாம் போல இருந்தது. செய்யவில்லை. "சந்தோஷங்க" என்று சொன்னேன். அந்த வார்த்தைக்காக இன்னமும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"தை மாசம் பால் காய்ச்சலாம்னு இருக்கோம்மா. அதுக்குள்ள உங்களுக்கு வேற வூடு கெடச்சுடும் இல்ல?" என்று அந்த அம்மா வாஞ்சையாகக் கேட்டாள்.

என் மனைவி தாம்பாளத்திலிருந்த கவரை மட்டும் எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். மிச்சத்தைத் தாம்பாளத்தோடு அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். "நல்லா இருங்க" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு ஆற்றாமை பொங்கியது. "அத எதுக்குடி அவங்களுக்குக் குடுத்த?"

"அவங்க இன்னா பண்ணாங்க பாவம்? அந்த ஓனர் மேலகூட எனக்குக் கோவமில்ல. அந்தாள் புத்தி தெரிஞ்சதுதானே. உங்க மேலதான். நான் சொல்ல வந்தேன், நீங்கதான் முறைச்சீங்க" என்றாள்.

பஜார் வரைக்கும் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். மளிகைக்கடை முன்னால் நின்றாள். என்னை வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே போய், காலி அட்டைப்பெட்டி இருந்தால் பத்து எடுத்துவைக்கும்படி கடைக்காரரிடம் சொன்னாள்.