லாரி கவரில் பன்னிரண்டு வார்த்தைகள்

என் அக்கா புருஷனுக்கு என்னைக் கண்டாலே இளக்காரம். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு வாங்கி, லாரியில் இறக்கி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு விற்பவர் அவர். நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எனக்குப் பெண் பார்க்க உளுந்தூர்பேட்டைக்குப் போன இடத்தில், "பையன் இன்னா பண்றான்னு கேக்குறீங்களா? நாள் பூரா செல்ல நோண்டிக்கினு இருக்கான்" என்று பெண்ணின் அப்பாவிடமே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் என் தயவு தேவைப்பட்டது. கிழங்கு லாபத்தில் மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் கிரிப்டோ என்கிற இணையக் காசு வாங்கிச் சேர்த்திருந்தார். எல்லாம் மகளின் டாக்டர் படிப்புக்கு. வாங்கிய கம்பெனியின் கணக்கிலேயே அது கிடந்தது. அதுபோன்ற கம்பெனி ஒன்று இழுத்து மூடப்பட்டதாக யாரோ சொன்னதும் என் கடைக்கு ஓடி வந்தார்.

"போன்லயே வெச்சிக்கலாமா மாப்ள?"

"போன் ஆவாது மச்சான். கண்ட லிங்க்கையும் அமுக்குற ஆளு நீங்க."

சொல்லும்போது சுகமாக இருந்தது.

அந்தக் காசைப் பூட்டி வைக்கிற, பென் டிரைவ் போன்ற தனிக் கருவி ஒன்றை, பழசு எதுவும் வேண்டாமென்று, தயாரிக்கும் கம்பெனியிடமிருந்தே வரவழைத்துக் கொடுத்தேன். அதன் சின்னத் திரையில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வந்தன. வரிசை மாறாமல் அவரைத் தாளில் எழுத வைத்து, காசை அந்தக் கருவிக்கு மாற்றிக் கொடுத்தேன். "மிஷின் ஒடஞ்சாலும் தொலஞ்சாலும் கவலை இல்ல. இந்த வார்த்தைங்கள வெச்சி வேற மிஷின்ல காச எடுத்துக்கலாம். தாளு மட்டும் தொலையக் கூடாது" என்றேன். அந்தத் தாளைப் பார்த்தவன் எவனும், கருவியே இல்லாமல், மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகலாம் என்பதைச் சொல்லவில்லை. கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள், மறந்துவிட்டேன். இதுவரைக்கும் என் மேல் தப்பில்லை என்று இன்றும் வாதாடுவேன்.

தொலையக் கூடாத தாளை எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். பட்டாவோ, ரேஷன் கார்டோ, ஜாதிச் சான்றிதழோ, எதுவானாலும் ஐந்து ஜெராக்ஸ், அதற்கு மேல் லேமினேஷன்.

எனக்கு அது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெள்ளிமலையில் ஒரு வேலை. கிழங்கு எடுக்க மச்சான் போன லாரியிலேயே நானும் ஏறிக்கொண்டேன். அடிவாரத்தில் போலீசார் வண்டியை மறித்து ஆர்.சி. கேட்டார்கள். டிரைவர் பேப்பர் கவரை என் மடியில் போட்டார். ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், நடுவே பளபளவென்று அந்தப் பன்னிரண்டு வார்த்தைகள். மூலையில் மச்சான் மஞ்சள் வேறு தடவியிருந்தார். லோடு ஏற்றுகிறவர்கள், எடை மேடைக்காரர், மாற்று டிரைவர்கள் என்று அந்தக் கவர் எத்தனை கை மாறியிருக்கும்!

"இது இன்னா மச்சான்?"

"நீ எழுதச் சொன்னியே, அதான். வூட்ல ரெண்டு, மண்டியில ஒண்ணு, உங்க அக்கா பையில ஒண்ணு, வண்டியில ஒண்ணு. எது தொலஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்ல? மூளைன்னு ஒண்ணு வேணும் மாப்ள. செல்ல நோண்டிக்கினு இருந்தா வராது."

டிரைவர் சிரித்தார்.

புதிதாக வேறு வார்த்தைகள் உண்டாக்கி, காசை அங்கே மாற்றிவிட்டால் போதும். அரை மணி நேர வேலை. அது வாய் வரைக்கும் வந்தது. "நல்ல வேலை செஞ்சீங்க மச்சான்" என்றேன். படட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் மகளின் முகம் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்தும் சொன்னேன்.

மகளுக்கு சீட் கிடைத்துப் பணம் கட்ட வேண்டிய வாரம், அந்தக் கருவியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். "ரிப்பேர் மாப்ள. காசே இல்லன்னு காட்டுது. இன்னான்னு பாரு."

கருவி நன்றாகத்தான் இருந்தது. இருபது நாளைக்கு முன்பே யாரோ எல்லாவற்றையும் வழித்தெடுத்திருந்தார்கள். ஐந்து பிரதிகளில் எது, யார் கண்ணில் பட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்ததோடு சரி. நடந்ததை நான் விளக்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட அது நிற்கவில்லை.

சீட் போனது. அவள் பி.எஸ்சி. சேர்ந்தாள். விடுதிக்குப் புறப்படும் முன், போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொள்ள என் கடைக்கு வந்தாள்.

"மாமா, யாருக்கும் காட்டக் கூடாதுன்னு நீங்க அப்பவே சொல்லியிருப்பீங்க இல்ல? அப்பாதான் கேட்டிருக்க மாட்டாரு."

குமிழ் விழாமல் கண்ணாடியை விரலால் நீவிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"ஆமா பாப்பா. எத்தினியோ வாட்டி சொன்னேன்."

"எனக்குத் தெரியும் மாமா. அதான் அவரோட நான் பேசறதே இல்ல" என்றாள்.

போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன்.