காய்ப்புழுவுக்கு மட்டும் மருந்து தேடித் தருமபுரிக்கு

சென்ற புரட்டாசியில் மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்குப் போய்வந்தேன். எங்கள் தக்காளியில் காய்ப்புழு விழுந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மருமகள் செல்வியின் மல்பெரி. அவளுடைய பட்டுப்புழுக்கள் கடைசித் தீனியில் இருந்தன. இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டும். தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் மல்பெரி மேல் படிந்தால் கொட்டகையே காலி.

எனக்கு எழுத்து தெரியாது. இதையும் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன். ஆனால் மருந்துப் புட்டி வாங்கத் தெரியும். லேபிளில் முக்கோணம் இருக்கும். சிவப்பு கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வரவரக் குறையும்.

காலை ஏழரைக்குப் பாலக்கோடு வழியாகப் போகிற பேருந்து. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் மணி நேரம். ஐம்பது ரூபாய்த் தாள் போதும், சில்லறையும் வரும்.

"மருந்துக்கா இவ்ளோ தூரம் போறீங்க பெரியவரே? மாரண்டஹள்ளியிலயே கெடைக்குமே," என்றார் கண்டக்டர்.

"எதைக் கேட்டாலும் எல்லாத்தையும் கொல்லும்னு சொல்லித் தர்றாங்க. எனக்கு எல்லாத்தையும் கொல்ல வேணாங்க."

பூச்சிமருந்துக் கடை, பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே ஓர் அம்மா இருந்தார். தக்காளியில் காய்ப்புழு என்று சொல்லி, அலமாரியில் பச்சை முக்கோணம் போட்ட புட்டியைக் காட்டினேன். "அதைக் குடும்மா. தேனீக்கு ஒன்னும் ஆகாதாமே."

"ஆகாதுங்க ஐயா. பக்கத்துல என்ன வெச்சிருக்கீங்க?"

"மல்பெரி."

கையில் எடுத்த புட்டியை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். "பச்சைங்கறது மனுசனுக்குங்க. இது புழுவுக்குன்னே செஞ்ச மருந்து. பட்டுப்புழுவும் புழுதானுங்களே?"

நிறத்தை நான் சரியாகத்தான் படித்து வந்திருக்கிறேன். அது யாருக்காகப் போட்டது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து வேறொன்றை எடுத்தார். "இது காய்ப்புழுவுக்கு மட்டும் வர்ற நோயோட கிருமிங்க. வேற எதுக்கும் ஒட்டாது. வெயில் பட்டா வீணாப் போயிடும், சாயங்காலமா வெல்லம் கலந்து அடிங்க."

"நெசமாவா?"

"எங்க வூட்லயும் பட்டுப்புழுதாங்க."

போகிறவர்கள் ஈரத்துணி கொண்டுபோய்ப் புட்டியைச் சுற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பயிரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அக்கம்பக்கத்தில் என்ன வளர்கிறது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். நான் சொல்லாமலே வாங்கி வந்திருப்பேன்.

அன்று சாயங்காலமே அடித்தேன். செல்வி என் பேச்சை நம்பவில்லை. மறுநாளிலிருந்து வேலியோரத்து இலையைப் பத்துப் புழுக்களுக்கு மட்டும் தனித்தட்டில் போட்டாள். மற்றவற்றுக்கு வேலிக்குத் தள்ளியிருக்கும் மேட்டுப்பக்கத்து இலை.

ஐந்தாம் நாள் காலை, தக்காளிச் செடிகளின் நுனியில் காய்ப்புழுக்கள் கறுத்துத் தலைகீழாகத் தொங்கின. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். தனித்தட்டில் பத்தும் உயிரோடு இருந்தன; இலையில் நரம்புதான் மிச்சம்.

"என்னம்மா சொல்ற?" என்றேன்.

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரத்துக்கு இலை வெட்டப் போனாள்.