சாக்குருவிக்குப் பதில்

எங்கள் துறையில் 'பதில்' என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. பெரம்பலூரில் நான் விலங்கியல் பாடம் நடத்தும் கல்லூரியில் மாணவர்களை வைத்து ஆந்தைக் கணக்கெடுப்பு நடத்திய வருடம் அது. ஆந்தையைத் தேடி மரம் மரமாக ஏற வேண்டியதில்லை. பொழுது சாயும் நேரத்தில் மரத்தடியில் நின்று, பதிவு செய்த ஆந்தையின் குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் போதும். தன் இடத்தில் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து அங்கே குடியிருக்கும் ஆந்தை கத்தும். அதுதான் பதில்.

"நேத்துப் பதில் வந்துச்சா மேடம்? சாக்குருவிய ஸ்பீக்கர் வச்சுக் கூப்பிடுற ஒரே டிபார்ட்மென்ட் உங்களோடதுதான்" என்பார் வேதியியல்காரர் ஒருவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சாக்குருவி என்ற பெயரே எனக்கு ஆகாது. எலி பிடித்துத் தின்று பிழைக்கிற ஒரு பறவையின் தலையில் ஊர்ச் சாவையெல்லாம் கட்டுவது என்ன நியாயம்? வகுப்பில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் நிற்க வைத்துத் திட்டுவேன்.

தா.பழூர் பக்கம் ஓர் இடம் தேவைப்பட்டபோது, எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி தன் ஊரையே சொன்னாள். "எங்க வூட்டுக்குப் பின்னாடி வாய்க்கா ஓரமா ஒரு இலுப்பை மரம் இருக்கு மேடம். பொந்து பொந்தா இருக்கும்." அவளுடைய அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார். அதையும் சொன்னாள். சாகக் கிடக்கும் மனிதரின் ஜன்னலுக்குப் பின்னால் ஆந்தையைக் கத்த விடலாமா என்று ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கூடாது என்றிருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. அவ்வளவு படித்திருந்தோம்.

முதல் நாள், நடவு முடிந்த வயல்களில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரைப் போட்டோம். கரகரவென்று அந்தக் குரல் வாய்க்காலைத் தாண்டிப் போய் அடங்கியது. காத்திருந்தோம். மரத்திலிருந்து எதுவும் வரவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், கனத்து, மெதுவாக, "இரு... வரேன்" என்றது.

கூட வந்திருந்த இரண்டு பையன்களில் ஒருவன் விளையாடுகிறான் என்று நினைத்து முறைத்தேன். அவர்கள் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பெண் மட்டும் வீட்டின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்றாள்.

பின்கதவைத் திறந்துகொண்டு அவளுடைய அம்மா ஓடி வந்தார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நான் தயாரானேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பேசிட்டாருங்க. எத்தன மாசமாச்சு அந்த வாயி தொறந்து! அந்தச் சத்தம் கேட்டதும் பேசிட்டாரு. இன்னொரு வாட்டி போடுங்க மேடம், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

போட்டோம். மறுபடியும் "இரு, வரேன்" என்றார்.

திரும்பும் வழியில் வேனில் பையன்கள் காரணம் கேட்டார்கள். நான்தான் விளக்கம் சொன்னேன். பேச்சு போனவர்களுக்கும் ஆண்டாண்டாகச் சொல்லிப் பழகிய ஓரிரண்டு வார்த்தைகள் மூளையில் தங்கியிருக்கும், திடீர்ச் சத்தம் அதைக் கிளப்பிவிடும் என்றேன். சொன்னது சரிதான். இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கப் போனோம். இலுப்பை மரத்தில் ஆந்தை இருக்கிற அறிகுறியே இல்லை. பதில் சொன்னது அவர் மட்டும்தான். மனைவி தோளைத் தொட்டுக் கூப்பிட்டாலும், மகள் காதருகே குனிந்து பேசினாலும் விட்டத்தையே வெறித்துக்கொண்டிருப்பவர், ஸ்பீக்கர் கத்தினால் உடனே வாய் திறந்தார். அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எங்களுக்கு டீ போட்டு வைத்துவிட்டு, புடவை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்துகொள்வார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

மகள் இளைத்துப் போனாள். ஒருநாள் லேபில் என்னிடம் வந்து நின்றாள். "லாரி கிளீனர் வந்து வாசல்ல கூப்பிட்டா அப்பா அப்படித்தான் மேடம் சொல்லுவாரு. சொல்லிட்டு, சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. இப்ப யாருகிட்ட சொல்றாரு?"

"யார்கிட்டயும் இல்லம்மா. பழக்கம்."

"நிறுத்திடலாம் மேடம். அது கூப்பிட்டுத்தான் பேசணும்னா, அவரு பேசவே வேணாம்."

நிறுத்தினால் அவளுடைய அம்மாவிடமிருந்து அந்த ஒரு குரலையும் பிடுங்குகிறோம். நிறுத்தாவிட்டால் இவள் தூங்க மாட்டாள். அவளுக்குத்தான் அவர் அப்பா, அவள் சொல்வதைக் கேட்போம் என்று முடிவெடுத்தேன். அன்று சாயங்காலம் கடைசியாகப் போய், அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வருவது என்று பேசிக்கொண்டோம். ஸ்பீக்கர் என் தோள்பையில் அணைந்தே கிடந்தது.

நாங்கள் இருவரும் மரத்தடியில் நின்றோம். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே கிளைக்குள்ளிருந்து ஆந்தை கத்தியது.

நிஜமான ஆந்தை. அத்தனை நாளும் எங்கள் அழைப்புக்கு அசையாமல் உட்கார்ந்திருந்ததோ, அன்றுதான் வந்ததோ தெரியாது. அந்தப் பெண்ணின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நாங்கள் மரத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தோம்.

"வந்துட்டேன்" என்றது அவர் குரல். குழறலே இல்லை.

பின்கதவு திறந்தது. அந்த அம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டுச்சா மேடம்? இன்னிக்கு வேற வார்த்தை சொல்லிட்டாரு! தேறிடுவாரு மேடம், நீங்க வேணா பாருங்க. இப்ப நீங்கதான போட்டீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. நாங்கதான் போட்டோம்" என்றேன்.

"இன்னொரு வாட்டி போடுங்க. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்." சின்னப் பெண் மாதிரி ஓடினார்.

நான் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்தேன். என் விரல் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து அந்த அம்மாவின் அலறல் கேட்டது.