வெட்டி அனுப்பிய ஃபைல்கள்

வில்லியனூர் ஆனி மேரியின் ஒரிஜினல் டிகிரி சான்றிதழ் மூலக்குளத்தில், ஹார்டுவேர் கடை மாடியில் இருக்கும் ஆபீஸ் பீரோவில் கிடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி விஜயராஜ் வாங்கிப் பூட்டிவிட்டார். சென்னையில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் அங்கே ஒரிஜினலைக் காட்டியாக வேண்டும்.

"ஆஸ்பத்திரி வேலைய முடிச்சிட்டு வாங்கிக்கம்மா" என்பார் விஜயராஜ்.

ஒரு மருத்துவமனையின் பழைய பில் போடும் புரோகிராமை விஷுவல் பேசிக் என்ற கணினி மொழியிலிருந்து ஜாவாவுக்கு மாற்றுவதுதான் அந்த வேலை. விஜயராஜுக்கு இரண்டும் தெரியாது. எண்ணத் தெரியும். சாயங்காலமானால், "இன்னிக்கு எத்தினி ஃபைலு?" என்று வந்து நிற்பார். தினமும் மாற்றிய ஃபைல் ஒன்றாவது கிளையண்டான மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவருக்குப் பயந்து ஆனி மேரி சுலபமான ஃபைல்களையெல்லாம் முதலில் முடித்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண் செய்த மடத்தனம். மிச்சம் நின்றவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பில் ஃபைல் மருந்து ஃபைலைக் கேட்கும், மருந்து வார்டைக் கேட்கும், வார்டு திரும்ப பில்லைக் கேட்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை படுத்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதுவரை காட்ட ஒன்றும் இருக்காது.

"மூணு வாரம் டைம் குடுங்க சார்."

"அதுவரைக்கும் கிளையண்டுக்கு இன்னாத்த காட்டுறது? என் மூஞ்சியவா?"

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதாள். மறுநாள், ஏற்கெனவே அனுப்பிய பெரிய ஃபைல்களை இரண்டாக, மூன்றாக வெட்டி, புதுப் பெயர் வைத்து அனுப்பத் தொடங்கினாள். எண்ணிக்கை ஏறியது. யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த மறைவில் உட்கார்ந்து சிக்கலை முழுசாகப் பிரித்து மாற்றி முடித்தாள். பில் சரியாக விழுந்தது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சான்றிதழ் கேட்கப் போனவளிடம் விஜயராஜ் ஸ்வீட் பெட்டியை நீட்டினார்.

"உன் ஸ்பீட பாத்துட்டு லேபு, ஸ்கேனு புரோகிராம் எல்லாத்தையும் ஆஸ்பத்திரிக்காரங்க நமக்கே குடுத்துட்டாங்கம்மா! அதையும் முடிச்சிட்டு வாங்கிக்க."

மறைக்க இனி என்ன இருக்கிறது என்று உடைத்தே சொன்னாள்.

"அது ஸ்பீடு இல்ல சார். அனுப்புன ஃபைலயே வெட்டி வெட்டி அனுப்பினேன். எல்லாம் பொய்."

விஜயராஜ் ஒரு ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்மா. அவுங்களுக்குத் தெரியாதுல்ல? இதையும் அப்பிடியே வெட்டி அனுப்பு."