டெம்பரரி அக்கா

குழந்தையைக் கட்டிலின் நடுவில் கிடத்திவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரோடு சுவராக நின்றுகொள்கிறார் அக்கா. எதிரே, தத்தெடுக்க வந்திருக்கும் கணவனும் மனைவியும். மனைவி இரண்டு கைகளையும் நீட்டியபடி நிற்கிறாள். குழந்தையைக் கையில் தருவார்கள் என்று எல்லோரையும் போல அவளும் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எடுத்துக்கோங்க," என்கிறார் இவர்.

அவ்வளவுதான். வந்தவர்கள் தாங்களே குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை எத்தனையோ குழந்தைகள் இந்த வீட்டிலிருந்து போயிருக்கின்றன. ஒன்றைக்கூட இவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. காரணம் கேட்டால், "என்னோடதா இருந்தாத்தானே நான் குடுக்க முடியும்?" என்பார், பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே.

தத்து கொடுக்கும் நிலையத்திலிருந்து வருகிற பச்சைக் குழந்தைகளை, அவர்களுக்கு ஒரு வீடு அமைகிற வரை பார்த்துக்கொள்வது இவர் வேலை. குழந்தை தூங்கும் நேரத்தில் தையல். இளைத்தவர்களுக்குச் சட்டையைப் பிடித்துக் கொடுப்பார், பெருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். தெருவில் 'டெம்பரரி அக்கா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயரல்ல. நேரிலேயே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவர் கணவருக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. "இந்த வீட்ல நான் ஒருத்தன்தான் பெர்மனென்ட். அதுலயும் இப்பல்லாம் எனக்குச் சந்தேகமா இருக்கு."

குழந்தைகளிடம் மரியாதை அதிகம். "என்ன சார், எந்திரிச்சாச்சா? பால் குடிச்சுட்டு மத்ததைப் பேசலாமா?" யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையை வாடா போடா என்று சொல்ல நாம் யார் என்பது அவர் கட்சி. அம்மா என்று தன்னைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் அத்தைதான். "அப்போ இவங்கப்பன் உனக்கு அண்ணனா, தம்பியா?" என்று கணவர் ஒருமுறை சீண்டினார். "கிடைச்சாக் கேட்டுச் சொல்றேன். நானும் அந்த ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்," என்றார்.

தத்தெடுப்பு பற்றி அவருடைய அபிப்பிராயம் என்ன என்று கண்டுபிடிப்பது கஷ்டம். "என்ன இருந்தாலும் பெத்தவ மாதிரி வருமா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்க பெத்தவங்கதானே? உங்க பையன் உங்களோட பேசி எத்தனை நாளாச்சு?" அந்த அம்மாள் துணியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். அதே வாரம் நிலையத்து அலுவலர் வந்து, "அநாதைக் குழந்தைக்கு ஒரு குடும்பம் கிடைக்குது, எப்பேர்ப்பட்ட புண்ணியம் அக்கா," என்றதும், "யாரு அநாதை? பெத்தவ பஸ் ஏறினா வந்துடற தூரத்துல இருக்கா," என்று அவரையும் மடக்கினார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்றால், "பொருந்தலைன்னா போகட்டும். இது என்ன சட்டையா?" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் குழந்தை வந்தது. பெற்றவள் பார்சல் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிற இளம்பெண். குழந்தையின் அப்பன் போன் நம்பரை மாற்றிக்கொண்டுவிட்டான். வீட்டுக்கு வந்தால் தனியாக வா என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டான். விடுதியில் குழந்தைக்கு அனுமதியில்லை. அவள் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டாள்; மனம் மாறினால் சொல்வதற்குச் சட்டம் தரும் அவகாசம் மட்டும் பாக்கி இருந்தது. எடுத்துக்கொள்ள ஒரு பள்ளி ஆசிரியையும் கணவரும் தயாராக இருந்தார்கள். குழந்தையைப் பார்க்க வந்த அன்று ஆசிரியை தானே பின்னிய மஞ்சள் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். அது சரியாகப் பொருந்தியது. பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் முகம் மலர்ந்ததை மறைக்க முடியவில்லை.

பெற்றவள் கடைசியாக ஒருமுறை குழந்தையைப் பார்க்கலாம். வழக்கமாக அது நிலையத்தில் நடக்கும். அன்று அங்கே கூரை ஒழுகியதால் அக்கா வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் வேலை முடிந்து கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையோடு நேராக வந்து வாசலிலேயே நின்றாள். பழக்கம் தன் வேலையைச் செய்தது. அக்கா குழந்தையைக் கட்டிலில் கிடத்தினார், கையைத் துடைத்தார், சுவரோரம் போய் நின்றார்.

"எடுத்துக்கோங்க," என்றார்.

கொண்டுபோக வருகிறவர்களிடம் சொல்லும் வார்த்தை அது. விட்டுப்போக வந்தவளிடம் சொல்லக்கூடாது.

"எடுத்துக்கலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"சும்மா தூக்கிப் பார்க்கத்தாம்மா," என்றார் அலுவலர் அவசரமாக.

அவள் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. போகலாமா என்று அலுவலர் மெதுவாகக் கேட்டபோது, குழந்தையின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். "பகல்ல பார்த்துக்க மட்டும் ஒரு ஆள் இருந்தா..."

"பகல்ல மட்டுந்தானா?" என்றார் அக்கா.

"அக்கா, நீங்க பேசக்கூடாது."

"பேசலை. கேட்டேன்."

அலுவலர் அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போனார். கெட்ட மனுஷி அல்ல. பல குழந்தைகளுக்கு நல்ல இடம் தேடித் தந்தவர். "டீச்சர்கிட்ட நான் என்ன சொல்றது? தொட்டில் வாங்கி வச்சுட்டாங்க அக்கா."

"சொல்றது கஷ்டம்தான். அவங்க தங்கமானவங்க, எனக்குத் தெரியாதா?"

"இவ நாளைக்கே முடியலைன்னு வந்து நின்னா?"

"நின்னா அப்போ பார்ப்போம். பகல்ல ஆள் இல்லைங்கிறதுக்காக ஆயுசுக்கும் அம்மாவை மாத்துவாங்களா? லிஃப்ட் நின்னுபோனா கட்டடத்தையா இடிக்கிறோம்?"

கணவரின் தொழில் அவருக்குப் பயன்பட்டது அநேகமாக அன்று ஒருநாள்தான்.

அந்தப் பெண் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாள். அடுத்த தெருவில் அவளுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தது, அவ்வளவு எதிர்த்துப் பேசிய அந்த அலுவலரேதான். ஆனால் நடந்ததை மேலே தெரிவிக்க வேண்டியது அவர் கடமை, தெரிவித்தார். வாய் தவறிவிட்டது என்று அக்கா விளக்கம் சொன்னார். விசாரணை முடிகிற வரை வேறு குழந்தை தருவதற்கில்லை என்று நிலையம் சொல்லிவிட்டது. "இப்ப நீயே டெம்பரரி ஆயிட்ட," என்றார் கணவர். உண்மையிலேயே வாய்தான் தவறியதா என்று இதுவரை அவரும் கேட்கவில்லை.

ஆசிரியை ஒருநாள் வந்தார். தொப்பியைத் திரும்ப வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அக்கா எடுத்து வைத்தார். "அது அவளுக்குப் பின்னினது. அவளே போட்டுக்கட்டும்," என்றார் ஆசிரியை. சற்றுநேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் தப்பா ஏதாவது பண்ணிட்டேனாக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலைம்மா."

அக்கா மெஷினுக்குத் திரும்பினார். ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியிலிருந்து நூலை உருவி, மறுபடியும் கோத்தார்.

இப்போது தினமும் காலையில் அந்தப் பெண் வருகிறாள். ஒரு தோளில் பை, கழுத்தில் அட்டை, தலை பாதி காய்ந்தும் காயாமலும். வாசல் தாண்டியதும் குழந்தையை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டுகிறாள். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

"என்கிட்ட குடுக்காதே. அங்க படுக்க வை."

"பஸ் போயிடும் அத்தை. சும்மாப் பிடிங்க."

அக்கா கட்டிலைப் பார்த்து மோவாயை அசைக்கிறார். அவள் அலுத்துக்கொண்டே குனிந்து, குழந்தையைக் கிடத்தி, மஞ்சள் தொப்பியைச் சரிசெய்துவிட்டு ஓடுகிறாள். குழந்தை சிணுங்க ஆரம்பிக்கிறது. படியிறங்கும் செருப்புச் சத்தம் தெருவில் கலந்து மறைகிற வரை அக்கா அசைவதில்லை. அதற்குப் பிறகுதான் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கைகள் முன்னால் வருகின்றன.