வுகாஷினுக்கு லீவு ஆகாது

நான் வெங்காயம் நறுக்கினால் எதிரே உட்கார்ந்திருக்கும் வுகாஷினின் வலது கால் தரையை அழுத்தும். கத்தி கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், அந்தக் கால் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும். என் கணவர் மிலிசாவ் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளினாலும் மிதிக்கும். இருபத்திரண்டு வருடமாக எங்கள் வால்யெவோ ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். "ஊருக்கெல்லாம் கை பழகுறதுக்குள்ள என் காலு தேஞ்சிடும்க்கா," என்பார்.

மாடி வீடு அவருடையது, கீழ்வீடு எங்களுடையது. வயது ஐம்பத்து மூன்று, தனி ஆள். நாற்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டுத் திணறும் பிள்ளைகளை அவர் திட்டுவதில்லை. "வண்டி நின்னா நின்னுட்டுப் போகுது. ஊரு எங்கயும் ஓடிப் போயிடாது," என்று கொறிக்கக் கையில் பூசணி விதை கொடுப்பார். பின்னாலிருந்து எவனாவது ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "என்னய்யா, உன் கல்யாணத்துக்கு நேரமாச்சா?" என்று கேட்பார். என் மகள் ரூஷா அவரிடம்தான் ஓட்டக் கற்றாள். இன்றும் அந்தச் சந்தியைத் தாண்டும்போது சிரிக்கிறாள்.

இப்பேர்ப்பட்ட வாய்க்காரர் டிசம்பர் பிறந்தால் அடங்கிப்போவார். தெருவில் விளக்குத் தோரணம் கட்டக் கட்ட, அவர் வீட்டு ஜன்னல் ஷட்டர் ஒவ்வொரு சாணாக இறங்கும். மனச்சோர்வு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் அதற்குச் சோம்பல் என்று பெயர். நானும் சில வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அப்படி என்னதான்ப்பா காரணம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காரணம்னு ஒண்ணு இருந்தா அதைச் சொல்லி அழுதுட்டு எந்திரிச்சிருப்பேனேக்கா. அதுதான் இல்லையே."

சும்மாவும் இருப்பதில்லை, பாவம். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. பேக்கரியில் முழு ரொட்டி வாங்காமல் பாதி ரொட்டியாக வாங்குவார். மீதிப் பாதிக்கு இன்னொரு தடவை வீட்டைவிட்டு இறங்கியாக வேண்டுமல்லவா? அந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு, அவரவர் குடும்பப் புனிதருக்கு எடுக்கும் குலச் சாமி விருந்து. எல்லாவற்றுக்கும் போய், கோட்டைக் கழற்றாமல் ஒரு கரண்டி வேகவைத்த கோதுமையை வாயில் போட்டு, வாழ்த்திவிட்டு, "முகம் ஏன் வாடியிருக்கு?" என்று யாரும் கேட்பதற்குள் இறங்கிவிடுவார். வகுப்புகளை மட்டும் இரண்டு மடங்கு வைத்துக்கொள்வார். "வண்டிக்குள்ள இருக்கிற முக்கா மணி நேரம் பயப்பட வேண்டியது அவங்க. எனக்கு அப்ப ஓய்வு."

அதனால்தான் லீவு அவருக்கு ஆகாது. டிரைவிங் ஸ்கூல் புத்தாண்டுக்கு மூடினால் எங்கள் கிறிஸ்துமஸ், அதாவது பழைய நாட்காட்டிப்படி வரும் ஜனவரி ஏழு, முடிந்துதான் திறக்கும். ஊரே காத்துக்கிடக்கும் அந்த ஒன்பது நாளை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்குள் முதல் காலடி வைப்பவரின் ராசிதான் எங்களுக்கு வருடம் முழுக்க. அப்படி வருபவர், ஓக் மரக் கிளையால் அடுப்பில் எரியும் கட்டையைத் தட்டிப் பொறி பறக்க வாழ்த்துவார். அவருக்கு முன்னால் பெற்ற பிள்ளையைக்கூட வாசலைத் தாண்ட விடமாட்டோம். எங்கள் வீட்டுக்குப் பதினோரு வருடமாக அந்தக் காலடி வுகாஷினுடையது.

இந்த வருடம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஜனவரி மூன்றாம் தேதி, அவர் இருக்கும் இருப்பைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "உனக்கு எதுக்குப்பா சிரமம்? இந்தத் தடவை மாப்பிள்ளையை வரச் சொல்லிட்டேன், நீ நிம்மதியா படு," என்றேன். "சரிக்கா," என்றார். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாளிலிருந்து ஷட்டர் ஏறவே இல்லை. ரொட்டிக்கும் இறங்கவில்லை.

"அவனுக்கு இருந்த ஒரே வேலையையும் பிடுங்கிட்டு நிம்மதியா படுன்னா எப்படிடீ படுப்பான்?" என்று மிலிசாவ் கத்தினார். ஆறாம் தேதி மத்தியானம் மாடியேறிக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கதவோடுதான் பேசினேன்.

"தம்பி, நான் பண்ணது தப்பு. நாளைக்கு நீதான் வரணும்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என் காலு வேணாம்கா. போன வருஷம் நான் வந்தேன், மிலிசாவ் அண்ணனுக்கு இடுப்பு உடைஞ்சுது. நீங்க ஆளை மாத்தினதே சரி."

"அட மடையா! அந்தாளு ஐஸ்ல செருப்போட நடந்தாரு, இடுப்பு உடைஞ்சுது. அதுக்கு உன் காலு என்ன பண்ணும்?"

"என்னால சிரிச்சுகிட்டு வர முடியாதுக்கா."

"சிரிக்க யாரு சொன்னா? அழுதுகிட்டே வா. நீ வராம என் கதவு திறக்காது, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வரவில்லை என்றால் கதவை உடைக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்குமோ என்றுகூடப் பயந்தேன்.

ஏழாம் தேதி எட்டு மணிக்கு ரூஷாவும் மாப்பிள்ளை ஓக்னியெனும் கேக்கோடு வந்தார்கள். உள்ளே விடவில்லை. "அம்மா, குளிருது! இவரைத்தானே நீ வரச் சொன்னே?" என்று அவள் படிக்கட்டிலிருந்து கத்தினாள்.

"இப்ப வேணாங்கிறேன்! கேக்கைக் கட்டிப்பிடிச்சுகிட்டு நில்லு!"

ஒன்பதரை ஆயிற்று. நான் கதவுக்குப் பின்னாலும் அவர்கள் முன்னாலும் நின்றோம். அப்புறம் மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. ரூஷாவும் மாப்பிள்ளையும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவைத் திறந்தேன். பைஜாமாவுக்கு மேல் கோட்டு, நாலு நாள் தாடி.

"கிறிஸ்து பிறந்தார்," என்றார்; குரல் எழவில்லை, காற்றுதான் வந்தது.

"மெய்யாகவே பிறந்தார்!" என்று நான் கோதுமை மணிகளை அவர் தலையில் வாரி இறைத்தேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அடுப்பின் முன் மண்டியிட்டு ஓக் கிளையால் கட்டையைத் தட்டினார். "இந்தப் பொறி எத்தனையோ, இந்த வீட்டுல அத்தனை ஆரோக்கியம். இந்தப் பொறி எத்தனையோ, ரூஷாவுக்கு அத்தனை சந்தோஷம். அண்ணன் இடுப்புக்கு அத்தனை பலம்." வழக்கப்படி நான் கம்பளியை அவர் தோளில் போர்த்தினேன். எல்லோரும் காப்பிக்குப் பாய்ந்தார்கள்.

கிளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பி, என்னைத் தவிர யாருக்கும் கேட்காதபடி இன்னொரு தட்டு தட்டினார். "இது எனக்கு," என்றார்.